பூநாரை எடுத்துப் பழகியவரின் புலிப் படத்துக்குக் கருத்துச் சொல்வது எப்படி?

தனுஷ்கோடியிலும் ராமநாதபுரத்துச் சக்கரக்கோட்டைக் கண்மாயிலும் பறவைப் படம் எடுத்துப் பழகியவர்கள், லீவு கிடைத்தால் புலிக் காடுகளான முதுமலைக்கோ கபினிக்கோ கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வந்து புலிப் படத்தை நீட்டி "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்கும்போது, "சூப்பர் தம்பி" என்றாலும் "ஷார்ப்பா இல்லையே" என்றாலும் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்ததை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். சுருக்கியதில் பாதி விவரம் போயிருக்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஷட்டர் (வெளிச்சம் விழும் நேரம்), அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு, எஃப் எண்), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு), லென்ஸ் நீளம் (மி.மீ.) நான்கையும் பார்த்துவிட்டு, 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள்.

மங்கலுக்குக் காரணம் பல. முகத்துக்கு முன்னால் உள்ள புல் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் புல்லில் விழுந்திருக்கிறது. ஒற்றை ஃபோகஸ் புள்ளியைப் புலியின் கண்ணில் வைக்கச் சொல்லுங்கள். மரமும் புலியும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது, அல்லது ஜீப் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பின்னணி தெளிவாக இருந்து பாதம் மட்டும் கலைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல் என்றால் கிட்டத்தில் எடுத்தது: ஃபுல் ஃபிரேம் கேமராவில் 400 மி.மீ., எஃப் 5.6, 10 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 20 செ.மீ. மட்டுமே.

நம் கடற்கரைப் பழக்கம் காட்டிக்கொடுக்கும் இடங்கள் இரண்டு. பறக்கும் பூநாரைக்கு வைத்த 1/2500 நொடி ஷட்டரை நிழலிலும் மாற்றாமல் விட்டால் ஐஎஸ்ஓ 12800-க்கு ஏறிவிடும். படத்தில் மணல் தூவியதுபோல் நாய்ஸ் தெரிந்தால் சாஃப்ட்வேரைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஷட்டரைக் கேளுங்கள். நடக்கிற புலிக்கு 1/500 போதும். அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்ச அளவு. வெளிறிய வானத்துக்காகப் பிளஸ்ஸில் வைத்ததை இருண்ட புதருக்கு முன்னாலும் அப்படியே விட்டால், புலியின் கண்ணுக்கு மேலுள்ள வெள்ளைத் திட்டு வெந்து, விவரமில்லாத வெறும் வெள்ளையாகிவிடும். அங்கே முடி இழை இழையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால், "தம்பி, புருவத்துல வெள்ளை போயிருச்சு, அடுத்த தடவை மைனஸ் 0.7 வச்சுப் பாருங்க" என்று அளவோடு சொல்லுங்கள்.

செய்ய முடியாததைச் சொல்வதில் பலனில்லை. உள்ளான் பறவையைப் படமெடுக்க மணலில் படுத்ததுபோல் சஃபாரியில் இறங்கிப் படுக்க முடியாது. கோணம் மேலிருந்து விழுந்திருந்தால், புலி இன்னும் தள்ளி இருக்கும்போதே நீள லென்ஸில் எடுக்கச் சொல்லலாம். தூரம் கூடக்கூடக் கோணம் தணியும்.

கிராப்பில் வாலும் பாதமும் வெட்டுப்பட்டிருக்கிறதா, பார்வை போகிற பக்கம் இடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எடிட்டிங்கில் ஆரஞ்சு கொட்டியிருந்தால் ஒரிஜினலைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், தானே புரியும்.

ஒன்றில் மட்டும் தயவு காட்டவேண்டாம்: அழகுக்காகப் படத்தை இடம்வலமாகத் திருப்புவது. புலியின் இடப்பக்க வரிகள் வேறு, வலப்பக்க வரிகள் வேறு. அவற்றை வைத்துத்தான் ஆய்வாளர்கள் இது எந்தப் புலி என்று அடையாளம் காண்கிறார்கள். திருப்பிய படத்தில் இருப்பது காட்டில் இல்லாத புலி. வண்டலூர் உயிரியல் பூங்காவில் எடுத்தது என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். குட்டியோ இரையோ உள்ள படமென்றால் இடத்தின் பெயரையும், ஃபைலுக்குள் ஜிபிஎஸ் பதிவாகியிருந்தால் அதையும் நீக்கிவிட்டுப் பகிரச் சொல்லுங்கள்.