இ-சேவை மேசையில் ஏஐ: நான் பட்டது போதும்

போன வாரம் பந்தலூர் பக்கம் புதிதாக இ-சேவை மையம் திறந்திருக்கும் ஒரு தம்பியைப் பார்க்கப் போயிருந்தேன். மனு எழுதித் தரச் சொல்லி ஓர் அம்மா நின்றிருந்தார். அவர் பேசியதைத் தம்பி ஃபோனில் பதிவு செய்தான், ஏஐ செயலி அதை ஆங்கிலமாக்கியது, அப்படியே ஒட்டி, பிரிண்ட் எடுத்து, கையெழுத்தும் வாங்கிவிட்டான். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கூடலூரில் என் இ-சேவை மேசையில் நானும் இதையேதான் செய்தேன்.

கேன் எண்ணை, அதாவது விண்ணப்பதாரரின் இ-சேவைப் பதிவு எண்ணைத் தப்பாக அடிப்பது, மங்கலான ஸ்கேன், 60 ரூபாய்க்கு ரசீது கொடுக்க மறப்பது எல்லாம் முதல் மாதத்திலேயே திட்டு வாங்கித் தானாகச் சரியாகிவிடும். அதை விட்டுவிடுகிறேன். தானாகச் சரியாகாத தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

தாயகம் திரும்பியவரை அகதி ஆக்குவது

தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி, பேரனோடு வந்திருந்தார். பேரனுக்கு மத்திய அரசு வேலை ஒன்று கிடைக்கும் தறுவாயில் இருந்தது. சரிபார்ப்புக்காகக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் விளக்கம் கேட்டிருந்தார்கள். பாட்டி சொன்னதைத் தமிழில் ஒழுங்காகத்தான் தட்டினேன்: இலங்கையில் தோட்டத்தில் பிறந்தோம், தலைமன்னாரில் கப்பல் ஏறினோம், மண்டபம் முகாமில் தங்கினோம், அங்கிருந்து இங்கே அனுப்பினார்கள், நாங்கள் தாயகம் திரும்பியோர்.

செயலி அதை அழகான ஆங்கிலத்தில் தந்தது. என் ஆங்கிலத்தைவிட நன்றாக இருந்ததால் வாயைப் பிளந்தேனே தவிர, வாசிக்கவில்லை. ‘ரீபேட்ரியேட்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ரிஃப்யூஜி’ என்று உட்கார்ந்திருந்தது. அதாவது, அகதி.

ஒரு சொல்தானே என்று நினைக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அப்படி வந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். அவர்களில் பலருக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களே போடப்பட்டன, இன்றைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்). 1983 கலவரத்துக்குப் பிறகு உயிர் பிழைக்க வந்தவர்கள் அகதிகள். அவர்களுடைய சட்ட நிலை வேறு, பதிவு வேறு, படும் பாடும் வேறு.

செயலி ஏன் குழம்பியது என்று பிறகு யோசித்தேன். அதற்கு ஒப்பந்தம் தெரியாது. ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் அதிகம் வரும் என்பதை வைத்துத்தான் எழுதுகிறது. இலங்கை, கப்பல், முகாம் மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் பெரும்பாலும் அது அகதிகளைப் பற்றிய எழுத்தாகத்தான் இருக்கும். மண்டபம் முகாம் இரண்டு கதையிலும் வருகிறது, கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது வாரம் கேள்வி வந்தது: எந்த அகதி முகாமில் பதிவு, இந்தியக் குடியுரிமைக்கு என்ன ஆதாரம்? அப்புறம் போலீஸ் விசாரணை. பிரமாணப் பத்திரம், ஊட்டிக்கும் கூடலூருக்கும் பஸ், மழையில் நனைந்த ஃபைல். பாட்டியின் தகரப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டும், தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டையும் பத்திரமாக இருந்ததால் தப்பித்தோம். ஏழு மாதம் போனது. பையனோடு தேர்வானவர்கள் அதற்குள் வேலையில் சேர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டி என்னைத் திட்டவில்லை. “தம்பி, நாங்க பாஸ்போர்ட்டோட வந்தவங்க. ஓடி வந்தவங்க இல்ல” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பிளெட்ச்லியிலும் சியோலிலும் பாரிஸிலும் நாடுகள் கூடி ஏஐயின் ஆபத்துகளைப் பேசின. பேசட்டும். எங்கள் மேசைக்கு வந்த ஆபத்து ஒரே ஒரு சொல்லின் நீளம்தான்.

இப்போது என் மேசையில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. தாயகம் திரும்பியோர், அகதி, குறும்பர், குருமன், காட்டுநாயக்கன், பட்டா, அனுபவம் (நிலத்தைக் கையில் வைத்து அனுபவித்து வருவது) என்று செயலியிடம் விடக் கூடாத சொற்கள் அதில் இருக்கின்றன. நீலகிரியின் குறும்பரும் குருமன்களும் பழங்குடிப் பட்டியலில் தனித்தனி இனங்கள். செயலிக்கு அது எழுத்துப் பிழை மாதிரி தெரிகிறது. இந்தச் சொற்களின் ஆங்கிலத்தை அரசுப் பட்டியலைப் பார்த்து நானே அடிக்கிறேன். முடிந்ததும் ஆங்கிலத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லி, வந்தவரைக் கேட்க வைக்கிறேன். பத்து நிமிடம் ஆகும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

பெயரைத் ‘திருத்த’ விடுவது

இலங்கைக் காகிதத்தில் லெட்சுமி என்றால் ஆங்கிலத்தில் எல்லுக்கு (L) அடுத்து ஈதான் (E). செயலி அதை ஏ (A) ஆக்கி ‘லக்ஷ்மி’ என்று மெருகேற்றும். ஆதாரில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, மனுவில் மூன்றாவது என்று ஒரே ஆள் மூன்று பேராகிவிடுவார். இருக்கும் எழுத்தை அப்படியே அடியுங்கள், அசிங்கமாகத் தெரிந்தாலும்.

தமிழில் கொடுக்க வேண்டியதை ஆங்கிலத்தில் கொடுப்பது

தாசில்தாருக்குத் தமிழ் தெரியும்.

விதியைச் செயலியிடம் கேட்பது

கேரளத்திலிருந்து நாடுகாணி வழியாக வரும் சுற்றுலாக்காரர்கள், வண்டியோடு நீலகிரிக்குள் நுழைய வேண்டிய இ-பாஸை நம்மிடம்தான் கேட்பார்கள். 2024 மே 7-இல் இ-பாஸ் தொடங்கியபோது வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வந்தது. நீதிமன்ற உத்தரவுக்கு உத்தரவு மாறும் விஷயம் இது. செயலியோ போன வருடத்தில் நின்றுகொண்டு, சந்தேகமே இல்லாமல் பதில் சொல்லும். அரசுத் தளத்தைத் திறந்து பாருங்கள்.

ஆதார் எண்ணைச் சாட்பாட்டில் ஒட்டுவது

கூடாது. மனு எழுத அது தேவையே இல்லை.

ஓடிபியை நோட்டில் குறித்து வைப்பது

அந்தத் தம்பியின் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. கிழித்துப் போடச் சொன்னேன்.