பெயரைப் பார்த்து நகலை அழிக்காதீர்கள்

டிஸ்க் நிரம்பிவிட்டது, ஒரே கோப்பு நாலு இடத்தில் கிடக்கிறது, இன்றைக்கு எல்லாவற்றையும் கழித்துவிடலாம் என்று உட்காருவோம். பத்துக் கோப்பு தாண்டுவதற்குள் ‘பெயர் மிக நீளம்’, ‘கோப்பைக் காணவில்லை’ என்று விண்டோஸ் மறித்துவிடும். எரிச்சலில் கைக்கு வந்த பட்டனை அழுத்தும்போதுதான் நல்ல கோப்புகள் போகின்றன.

பெரிய தவறு, பெயர் ஒன்றாக இருந்தால் கோப்பும் ஒன்றுதான் என்று நினைப்பது. பல கேமராக்கள் படங்களுக்கு நாலு இலக்க எண்தான் போடும். 9999 முடிந்ததும் மறுபடி 0001. இரண்டு ஃபோல்டரில் இருந்த ‘ஐஎம்ஜி_0412’ இரண்டையும் ஒரே படம் என்று எண்ணி ஒன்றை அழித்தேன். போனது, அக்கா மகன் முதன்முதலாக எழுந்து நடந்த அன்று எடுத்த படம். அளவை ஒருமுறை பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

முதலில் அளவு, பிறகு ஹாஷ். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை. விண்டோஸில் கட்டளைகளை எழுதி இயக்கும் பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ கட்டளை ஒவ்வொரு கோப்புக்கும் அதை 64 குறிகளில் தரும். அது அச்சாகப் பொருந்தினால் பெயர் எதுவானாலும் நகல்தான். பிரவுசர் ‘(1)’ என்று ஒட்டிய கோப்பு உண்மையிலேயே நகலா, திருத்திய புதுப் பிரதியா என்பதையும் இப்படித்தான் உறுதிசெய்ய முடியும்.

‘பெயர் நீளம்’ என்றதும் கோப்பின் பெயரை வெட்டுகிறோம். குற்றம் பெரும்பாலும் அதில் இல்லை. விண்டோஸின் பழைய எல்லையான 260 எழுத்துகளில் டிரைவ், ஃபோல்டர் பெயர்கள் எல்லாம் சேர்த்தி. பேக்கப்புக்குள் பேக்கப் என்று அடுக்கினால் எல்லை அங்கேயே தீர்ந்துவிடும். மேல் ஃபோல்டரின் பெயரைச் சுருக்குங்கள், அல்லது உள்ளே இருப்பதை டிரைவின் முதல் மட்டத்துக்கு நகர்த்துங்கள். விண்டோஸ் 10-இல் 2016 முதல் இந்த எல்லையைத் தளர்த்தும் அமைப்பு உண்டு; எல்லாச் செயலிகளும் அதை மதிப்பதில்லை.

கண்ணெதிரே இருக்கும் கோப்பை ‘காணவில்லை’ என்றால் பெயரின் கடைசியில் ஒரு இடைவெளியோ புள்ளியோ ஒளிந்திருக்கலாம். லினக்ஸிலோ மேக்கிலோ உருவான பெயராக இருக்கும். விண்டோஸ் அந்தக் கடைசிக் குறியை உதிர்த்துவிட்டுத் தேடும். விண்டோஸின் இன்னொரு கட்டளைத் திரையான கமாண்ட் பிராம்ப்டில், டிரைவில் தொடங்கும் முழு முகவரிக்கு முன்னால் \\?\ சேர்த்து அழித்தால் போய்விடும். விண்டோஸ் ஏற்காத கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி உள்ள பெயர்களை, அவை உருவான கணினியிலேயே மாற்றிவிட்டுக் கொண்டுவருவது மேல்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யுனிகோடில் ‘தொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. அதனால் ஒரே ஃபோல்டரில் ‘தொகுப்பு’ என்று இரண்டு கோப்புகள் நிற்கும். கணினி பழுது என்று பதறி ஒன்றை அழித்துவிடாதீர்கள். ஒன்றின் பெயரில் எண் சேர்த்துவிட்டு ஹாஷைப் பாருங்கள். நீளமும் இங்கே உதைக்கும்: லினக்ஸ் டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் ஈஎக்ஸ்டி4 முறையில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள்தான், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. ‘தொகுப்பு’ மட்டுமே 24 பைட்டு. பிரித்து எழுதினால் 27. விண்டோஸில் சிக்கலின்றி இருந்த நீளமான தமிழ்ப் பெயரை லினக்ஸ் மறுப்பது இதனால்தான்.

விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்களில் நகல் வேட்டையே வேண்டாம். அங்கே ஒரே கோப்பு பல செயலிகளுக்குத் தனித்தனியாகத் தேவைப்படும். மற்ற இடங்களிலும் உடனே டெலீட் செய்யாமல், வேண்டாதவற்றைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்தி ஒரு மாதம் வைத்திருங்கள். நெட்வொர்க் டிரைவிலும் பென் டிரைவிலும் அழித்தவை பெரும்பாலும் ரீசைக்கிள் பின்னுக்கு வராது.