பனி இறங்கினால் டிஎஸ்எல் (ஃபோன் கம்பி வழி இன்டர்நெட்) இணைப்பு அறுகிறதா?

ஊட்டி, குன்னூர் பக்கம் ஃபோன் கம்பி வந்து சேரும் ரொசெட் பெட்டிக்குள் ஈரம் கோத்து, செம்புக் கம்பி முனையில் பச்சை பூக்கும். ஃபோனில் கரகரப்பு, மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு மினுக்கு.

முதலில் வீட்டு வயரிங்கை முழுக்கக் கழற்றி, வெளியிலிருந்து வரும் ஜோடிக் கம்பியில் மோடத்தை மட்டும் மாட்டுங்கள். இணைப்பு அறுபடாமல் நின்றால் கோளாறு வீட்டுக்குள்தான். பிரவுசரில் திறக்கும் மோடத்தின் நிலவரப் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க சிக்னலுக்கு மிச்சமுள்ள இடம்) 6 டெசிபெலுக்குக் கீழே போனால் தள்ளாட்டம்தான்.

பெரும்பாலும் குற்றவாளி, யாரும் பயன்படுத்தாத மாடி எக்ஸ்டென்ஷன் கம்பி. அதன் திறந்த முனையில் சிக்னல் மோதித் திரும்பி, வரும் சிக்னலைக் கெடுக்கும். ரொசெட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

ஃபோனையும் டிஎஸ்எல்லையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று போதும். ஃபோன்கள் எல்லாம் அதன் ஃபோன் துளைக்குப் பின்னால். பச்சை முனையைத் துடைத்துப் பயனில்லை. ஒரு அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவி, ஈரம் புகாத ஜெல் நிரப்பிய கனெக்டரில் இறுக்குங்கள். ஃபோன் மணி அடிக்கும்போது கம்பியைத் தொட்டால் சுரீரென்னும். இடி இடித்தால் கிட்டவே போகவேண்டாம்.