செட்டிநாட்டு வீட்டில் பழைய கார் சந்திப்பு: முன்னதாகப் போய் என்னென்ன பார்க்க வேண்டும்?

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் "ஒரு நாள் செட்டிநாட்டுப் பக்கம் எல்லாரும் வண்டியை எடுத்துக்கிட்டுப் போவோமா?" என்பதில் வந்து நிற்கும். பர்மா தேக்குத் தூண்களுக்கு முன்னால் அம்பாசிடர் நிற்கிற படம் யாருக்குத்தான் பிடிக்காது? படம் எடுப்பதில் சிரமம் இல்லை. இருபது வண்டிகளை ஒரு வாசலுக்குள் நுழைத்து, நிறுத்தி, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, வீட்டில் ஒரு ஓடு கூட உடையாமல் வெளியே கொண்டுவருவதுதான் வேலை. எங்கள் திருச்சி நண்பர்களுக்காக இந்த ஏற்பாட்டைச் செய்து முடித்த சூட்டோடு எழுதுகிறேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், டயர் காற்று போன்றவற்றை விட்டுவிடுகிறேன். பழைய வண்டி ஓட்டுபவருக்கு அதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் படி: எந்த வீடு?

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், ஆத்தங்குடி, தேவகோட்டை என்று ஊர் ஊராகப் பெரிய வீடுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை கட்டியவை. கானாடுகாத்தானில் உள்ள ராஜா அரண்மனைதான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அது குடும்பத்தின் சொந்தச் சொத்து, வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி.

முதல் தடவை ஏற்பாடு செய்பவர்களுக்கு என் யோசனை: ஓட்டலாக மாறிய வீட்டைப் பிடியுங்கள். காரைக்குடியில் பங்களா, கானாடுகாத்தானில் செட்டிநாடு மேன்ஷன், விசாலம் போன்றவை. ஒரு மேலாளர் இருப்பார், ரசீது தருவார், கழிப்பறை இருக்கும். வாடகை கூடுதல்தான், ஆனால் பாதித் தலைவலி குறையும். "இல்லை, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிற நிஜமான வீடுதான் வேண்டும்" என்றால் அடுத்த படியை நிதானமாகப் படியுங்கள்.

இரண்டாம் படி: யாரிடம் கேட்பது?

எங்களைத் திணறடித்தது இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

செட்டிநாட்டு வீடு பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமானது இல்லை. கொள்ளுத்தாத்தா கட்டியது, பிள்ளைகளுக்குப் பங்கானது, அவர்கள் பிள்ளைகளுக்கு மறுபடி பங்கானது. வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றி இருக்கிற அறைகளைப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பூட்டு தொங்கும். ஒரு பூட்டு பளபளவென்று இருக்கும், பக்கத்துப் பூட்டு துருப்பிடித்துக் கதவோடு ஒட்டிப்போயிருக்கும். எந்தப் பங்காளி அடிக்கடி வருகிறார், யார் வந்து பல வருஷம் ஆகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் கோயம்புத்தூரில், இன்னொருவர் மலேசியாவில். முகப்பு, வளவு, முன்வாசல் எல்லாம் பொது. நமக்கு வேண்டியதும் அந்தப் பொது இடம்தான்.

உள்ளூரில் ஒருவர் கிடைப்பார், "அதெல்லாம் நான் சொல்லிக்கிறேன், நீங்க தேதியைப் போடுங்க" என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்ததும் வெளிநாட்டிலிருந்து போன் வரும்: "எங்க வீட்டுல என்ன நடக்குது? யார்கிட்ட கேட்டீங்க?" அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒரு போன் வந்ததும் அந்த வீட்டை விட்டுவிட்டு வேறு வீடு தேடினோம். இரண்டாவது வீட்டில் வேலை செய்த முறையைச் சொல்கிறேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவரிடம் சாவியைக் கேட்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, உங்களுக்கு மாசாமாசம் சம்பளம் அனுப்புறது யாரு?" அவர் சொல்கிற ஆள்தான் எல்லாப் பங்காளிகள் சார்பாகவும் வீட்டுக் கணக்கைப் பார்ப்பவர். அவரிடம் பேசுங்கள். எடுத்தவுடன் வாடகைப் பேச்சு வேண்டாம். அந்த வீட்டில் ஒரு காலத்தில் என்ன கார் நின்றது என்று கேளுங்கள். நான் கேட்டபோது, பின்கட்டு ஷெட்டில் நின்ற ஆஸ்டினைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

பிறகு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். எத்தனை வண்டி, எத்தனை பேர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, வீட்டில் எந்தப் பகுதி, சமையல் எங்கே, சேதம் ஆனால் யார் பொறுப்பு, முன்பணம் எவ்வளவு. இதைப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் அவரையே போடச் சொல்லுங்கள். எல்லோரிடமிருந்தும் பதில் வரும் வரை தேதியை வெளியே சொல்லாதீர்கள். 'மௌனம் சம்மதம்' இங்கே செல்லாது.

கடிதத்தில் சேர்க்க வேண்டிய இரண்டு வரிகள்: வளவுக்குள் செருப்பு இல்லை, வீட்டு எல்லைக்குள் மது இல்லை. அசைவம் பரிமாறலாமா என்பதை நேரிலேயே கேட்டுவிடுங்கள். முன்னோருக்குப் படைப்பு நடக்கிற வீடாக இருந்தால் சில குடும்பங்கள் உள்ளே அனுமதிப்பதில்லை, வெளியில் பந்தல் போட்டால் சம்மதிப்பார்கள்.

மூன்றாம் படி: தேதி

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதை விடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வண்டியும் கொதிக்கும், ஆளும் கொதிப்பார். மிஞ்சுவதில் நல்லது ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். ஆனால் தை பிறந்தால் இந்த வீடுகளில் கல்யாணமும் மணிவிழாவும் வரிசையாக நடக்கும். ஆகவே முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள். சமையல்காரரும் அன்றுதான் கிடைப்பார்.

நான்காம் படி: வாசலும் தரையும்

நேரில் போகிற அன்று வீட்டின் அழகில் மயங்கிப் போய்விடாதீர்கள். ஆத்தங்குடித் தரையையும் பெல்ஜியம் கண்ணாடியையும் சந்திப்பு நாளில் பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்குக் குனிந்த தலை நிமிராமல் தரையைப் பாருங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: 30 மீட்டர் ஃபைபர் டேப், கோலப்பொடி, ஒரு கடப்பாரை, தேங்காய் நார்க் கயிறு. போனில் அளக்கிற செயலி வேண்டாம், வெயிலில் அது காட்டுகிற அளவை நான் நம்ப மாட்டேன். கயிறு எதற்கு என்றால், வருகிற வண்டிகளில் பெரியதன் அளவுக்கு அதை வெட்டி முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். அம்பாசிடர் ஏறக்குறைய 14 அடி நீளம், ஐந்தரை அடி அகலம். 1950ஐ ஒட்டிய செவர்லே பதினாறரை அடி வரும். கதவு திறக்க இரண்டு பக்கமும் இரண்டரை அடி சேர்த்து, கயிற்றைச் செவ்வகமாகத் தரையில் விரித்து, மூலைகளில் கோலப்பொடி வையுங்கள். காகிதத்தில் இருபது வண்டி கொள்ளும் என்று தோன்றிய முற்றத்தில் பதினான்குதான் நிற்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வெளிக்கதவை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு அகலத்தை அளக்க வேண்டும். கதவின் தடிமனே சில அங்குலங்களைத் தின்றுவிடும். அப்புறம் நடுவில் பாருங்கள்: இரட்டைக் கதவு வந்து முட்டி நிற்பதற்காக ஒரு கல் பதித்திருப்பார்கள். தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற அந்தக் கல்தான் சைலன்சருக்கும் இன்ஜினுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டிக்கும் (ஆயில் சம்ப்) எமன். அதன் உயரத்தை அளந்து, தாழ்வான வண்டிக்காரர்களுக்கு முன்னமே சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் பலகை போட்டு ஏற்றி இறக்கலாம்.

அடுத்தது கடப்பாரை. இந்த வீடுகளில் கூரையில் விழும் மழைநீரைத் தாழ்வாரம் வழியாக வளவுக்கும் கிணற்றுக்கும் கொண்டுபோக அருமையான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வெளியே போகிற கால்வாய் சில வீடுகளில் முன்வாசலுக்கு அடியில்தான் ஓடுகிறது, மேலே கற்பலகை, அதற்கும் மேலே பல வருஷத்துச் செம்மண். கண்ணுக்குத் தெரியாது. கடப்பாரையின் பின்பக்கத்தால் இரண்டடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். கெட்டித் தரை 'தொம்' என்று அடங்கும், அடியில் வெற்றிடம் இருந்தால் பானையைத் தட்டியது போலக் கேட்கும். அங்கெல்லாம் கோலப்பொடியால் பெருக்கல் குறி. பிற்காலத்தில் கட்டிய செப்டிக் டேங்க் மூடியும் இதே மாதிரி மண்ணுக்குள் ஒளிந்திருக்கும், பெரியவரிடம் கேட்டால் காட்டுவார். ஒரு டன்னுக்கு மேல் கனமுள்ள வண்டியின் முன்சக்கரம் அந்தப் பலகை மேல் நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: தெருவும் வழியும்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் கானாடுகாத்தான் சுமார் 80 கிலோமீட்டர். திருமயம் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நிறுத்தம் வைத்துக்கொண்டால் ரேடியேட்டரும் ஆறும், பின்தங்கியவர்களும் வந்து சேர்வார்கள். பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டிகள் உச்சி வெயிலில் ஊர்வலமாக ஊர்ந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி நின்றுவிடும். ஆளுக்கொரு ஈரத்துணி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பம்ப் மேல் சுற்றினால் கிளம்பிவிடும். இதைவிட நல்லது காலை ஒன்பதரைக்குள் எல்லோரும் வாசலுக்குள் வந்துவிடுவது. படத்துக்கும் அதுதான் நேரம். பெரும்பாலும் வீடுகள் கிழக்கு மேற்காக நீண்டு இருப்பதால், கிழக்கு பார்த்த முகப்பில் காலை வெயில் நேராக விழும். மேற்கு பார்த்த வீடு என்றால் மாலை வரை காத்திருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து வருபவர்கள் சுமார் 400 கிலோமீட்டர் ஓட்ட மாட்டார்கள், லாரியில் ஏற்றி வருவார்கள். அந்த லாரியைத் தெருவுக்குள் விடாதீர்கள், தாழ்வாகத் தொங்குகிற மின்கம்பியில் மாட்டும். மெயின் ரோட்டை ஒட்டி ஒரு திடலை இறக்குமிடமாகப் பார்த்து வையுங்கள். கூகுள் மேப் காட்டுகிற வழியை மட்டும் நம்பி வராமல், தெருமுனையில் ஓர் ஆளை நிறுத்துவது என் பழக்கம். எல்லாத் தெருவும் ஒன்றுபோல நேர்கோட்டில் ஓடுவதால் புதிதாக வருபவருக்கு எது எந்தத் தெரு என்றே பிடிபடாது. நாம் நுழைகிற வீட்டின் பின்வாசலே அடுத்த தெருவில்தான் இருக்கும். சமையல் சாமான் வண்டிக்கு அந்தப் பின்வாசலைக் கொடுத்துவிடுங்கள்.

உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் பேரூராட்சி அலுவலகத்துக்கும் ஒரு கடிதம், கையொப்பமிட்ட நகல் உங்களிடம். இது சீக்கிரம் முடிகிற வேலை.

ஆறாம் படி: எண்ணெயும் நெருப்பும்

எண்ணெய் சொட்டாத பழைய வண்டி இருந்தால் அதில் எண்ணெயே இல்லை என்று அர்த்தம். வண்டிக்கு ஒரு தகரத் தட்டு கட்டாயம். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் ஊறிக் கீழே இறங்கிவிடும். படம் எடுப்பவர்கள் ஏணி, கேமரா முக்காலி எதையும் திண்ணையில் இழுக்க விடாதீர்கள், தரை கீறிவிடும்.

தீயணைப்பானில் ட்ரை பவுடர்தான் என் தேர்வு. இன்ஜினெல்லாம் தூள் படிந்துவிடும் என்று கார்பன் டை ஆக்ஸைடு கேட்பார்கள், திறந்தவெளிக் காற்றில் அது கலைந்து போகும். வரிசைக்கு இரண்டு வீதம் போதும்.

பின்சேர்க்கை 1: பழமையான (விண்டேஜ்) வண்டிகளுக்குத் தருகிற வி.ஏ. பதிவெண் உள்ள வண்டிகளைச் சாலையில் ஓட்டிவரலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருடத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு இந்தப் பதிவு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வாடகைக்கும் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய வாகனப் பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு ஓட்டலாம். எனவே நிகழ்ச்சி அழைப்புக் கடிதத்தின் அச்சுப் பிரதி ஒவ்வொரு வண்டியிலும் இருக்கட்டும். சோதனையில் நிறுத்தினால் போனில் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

பின்சேர்க்கை 2: பள்ளத்தூர் வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: "வண்டிக்கு இவ்வளவு அளந்தீங்க, வர்ற ஆச்சிமாருக்குப் படி ஏற வழி பார்த்தீங்களா?" நியாயமான கேள்வி. இந்த வீடுகளின் அடித்தளம் உயரமானது, படிகளுக்குக் கைப்பிடி இருக்காது. முகப்புக்கு வெளியே பந்தலில் பத்து நாற்காலி போட்டு, காபியை அங்கேயே கொடுத்துவிடுங்கள். கழிப்பறையும் அப்படித்தான். பழைய வீடுகளில் அது கடைசிக் கட்டுப் பகுதியில், கொல்லைப்பக்கம் இருக்கும். முன்வாசல் ஓரமாக இரண்டு தற்காலிகக் கழிப்பறைகளுக்கு இடம் குறித்துவிட்டு, அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று மோட்டாரைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பூட்டிக் கிடக்கிற வீட்டில் மோட்டார் ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.