மின்சாரக் குட்டியானை வாங்கியாச்சா? பெங்களூரில் முதல் சில வாரங்கள் ஓட்டும் முறை

கலாசிபாளையம் மார்க்கெட்டில் டீசல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள், மின்சார பிக்கப்பைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி: "அண்ணே, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" ஷோரூமில் ஒரு பதில் சொல்வார்கள். நீங்கள் ஏற்றும் லோடு வேறொரு பதில் சொல்லும். அந்த இரண்டாவது பதிலைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். உதாரணத்துக்கு 2022இல் அறிமுகமான டாடா ஏஸ் இ.வி.யை எடுத்துக்கொள்கிறேன். 21.3 யூனிட் பேட்டரி, 600 கிலோ லோடு, சான்றிதழில் உள்ள ரேஞ்ச் 154 கி.மீ.

படி 1: காகிதங்கள்

வாடகைக்கு ஓட்டும் மின்சார வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட், மஞ்சள் எழுத்து. சரக்கு பெர்மிட் தேவையில்லை. 2018இலேயே மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டது. ஆனால் இன்ஷூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எல்லாம் வழக்கம்போல வேண்டும். சாதாரண கார் லைசென்ஸே போதும். மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியை அதை வைத்து ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

படி 2: வீட்டு பிளக்

அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் பழைய வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். 15 ஆம்பியர் சாக்கெட்டில் மணிக்கு சுமார் 3 யூனிட் ஏறும். அப்படியென்றால் காலி பேட்டரி நிரம்ப ஏழு மணி நேரம் ஆகும். கீசர் ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான் ஓடும். இதுவோ ராத்திரி முழுக்க அதே அளவு கரண்ட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய ஒயரிங் அதைத் தாங்குமா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லை என்றால் பல வண்டிகள் சார்ஜே ஏற்றாது.

முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டை மாற்றியே ஆக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பேச்சே வேண்டாம். வீட்டு உரிமையாளர் ஒத்துக்கொண்டால் பெங்களூரின் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமில் தனி மீட்டர் கேளுங்கள். மின் வாகன சார்ஜிங்குக்குத் தனிக் கட்டண வகையே இருக்கிறது.

ஏஸ் இ.வி.யில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரி. அதை அவ்வப்போது நூறு சதவீதம் ஏற்றுவது நல்லது. இல்லாவிட்டால் மீட்டர் காட்டும் சதவீதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பிப்போகும்.

படி 3: கால் பழக்கம்

கிளட்ச் கிடையாது. டீசல் ஓட்டியவரின் இடது கால் சும்மா இருக்காது, கிளட்ச் தேடிப் போய் பிரேக்கை மிதித்துவிடும். வண்டி டக்கென்று நிற்கும், பின்னால் தக்காளி கிரேட் சரியும். முதல் நாள் காலி மைதானத்தில் ஓட்டி, இடது காலை ஓரமாக வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். மோட்டாரின் இழுவை தொட்டவுடனே முழுதாக வந்துவிடும். மழையில் லோடு இல்லாத வண்டியின் பின் சக்கரம் சுலபமாக வழுக்கும்.

இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிப்பவர்கள் நம்மில் நிறைய பேர். இங்கே அது நேர் எதிர். கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால்தான் மோட்டார் வண்டியைப் பிடித்து, பேட்டரிக்குக் கரண்ட் திருப்பி அனுப்பும். பேட்டரி முழுசாக இருக்கும்போது மட்டும் இந்தப் பிடிப்பு குறைவாக இருக்கும். அப்போது பிரேக்கைக் கொஞ்சம் முன்னதாகவே மிதியுங்கள்.

சத்தமும் இல்லை. மார்க்கெட் சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது மூட்டை தூக்குபவர் திரும்பிப் பார்க்கமாட்டார். ஹாரன் அடித்துவிட்டு எடுங்கள்.

படி 4: உங்கள் ரேஞ்ச் எவ்வளவு?

முழு சார்ஜில் கிளம்புங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, வழக்கமான லோடோடு வழக்கமான ரூட்டில் போய் வாருங்கள். 40 கி.மீ.க்கு 35 சதவீதம் குறைந்தது என்று வையுங்கள். 40ஐ 35ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 114. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாகக் கழித்தால் 91. வாடகை பேசும்போது இந்த 91தான் உங்கள் கணக்கு. 154ஐ மறந்துவிடுங்கள்.

சில்க் போர்டு நெரிசலுக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். நிற்கும்போது மோட்டார் எதுவும் தின்னாது. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் உயரமாக லோடு கட்டிக்கொண்டு வேகமாகப் போவதுதான் அதிகம் தின்னும். தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கள், டயரில் காற்றைப் பாருங்கள்.

படி 5: ஓசூர் தாண்டினால்

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி லோடு வரும். பெங்களூரிலிருந்து சுமார் 90 கி.மீ. போகும்போது இறக்கம், அதனால் சதவீதம் நன்றாகத் தெரியும். அதை நம்பி ஏமாறாதீர்கள். திரும்பும்போது ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும், அதுவும் லோடோடு. வண்டியும் சரக்கும் 1,800 கிலோ என்றால் அந்த ஏற்றத்துக்கு மட்டும் 2 யூனிட், இழப்பைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். அதனால் திரும்பும் முன் சார்ஜ் போடாமல் கிளம்பாதீர்கள். வேக சார்ஜிங் எல்லா மாடலிலும் வராது. உங்கள் வண்டியில் உண்டா என்று வாடகைக்கு ஒத்துக்கொள்ளும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: மழையும் பிரேக்டவுனும்

பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் புகாது என்பார்கள். அதற்காக நிரம்பிய சுரங்கப்பாதையில் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் கார் மூழ்கி ஓர் இளம்பெண் இறந்துபோனார். தண்ணீரின் ஆழம் தெரியாவிட்டால் சுற்றிப் போங்கள்.

வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். பின் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், கரண்ட் உற்பத்தியாகி உள்ளே பாழாகலாம். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் வண்டியைக் கேளுங்கள். உங்கள் இன்ஷூரன்ஸில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாலிசி எடுக்கும்போதே கேட்டு, அவர்களைக் கூப்பிட வேண்டிய நம்பரை டேஷ்போர்டில் ஒட்டி வையுங்கள். ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தெரு மெக்கானிக் தொடக்கூடாது. அதில் ஓடுவது உயர் மின்னழுத்தம்.