போனை வைத்தாலே சார்ஜ் ஏறும் மேசை: எந்தப் பலகை, எந்தச் செய்முறை?

கட்டில் பக்கத்தில் சின்ன மேசை, அதன்மேல் போனை வைத்தாலே சார்ஜ் ஏற வேண்டும். இந்த ஆசை வந்ததும் தேக்கா, பிளைவுட்டா என்று கடைக்கு ஓடாதீர்கள். முதலில் வயர்லெஸ் சார்ஜரை வாங்குங்கள். மேல்பலகைக்கு அடியில் மறைந்திருக்கப்போவது அது, பலகையின் தடிமனை முடிவு செய்யப்போவதும் அதுதான்.

1. அட்டைச் சோதனை
சாதாரண சார்ஜர்கள் சில மில்லிமீட்டர் இடைவெளியைத்தான் தாண்டும். சார்ஜர்மேல் அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, போனை உறையோடு வைத்துப் பாருங்கள். சார்ஜ் நிற்கும்போது அடுக்கை அளந்து, ஒன்றிரண்டு மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள். எனக்கு 5 மி.மீ. வந்தது.

2. பலகை
மேல்பலகைக்கு உலோகம் ஆகாது. சார்ஜரின் காந்தப்புலம் தகட்டையே சூடாக்கிவிடும், போனுக்கு ஒன்றும் போய்ச் சேராது. கால்கள் இரும்பாக இருக்கலாம். தேக்கு அழகுதான், ஆனால் இவ்வளவு மெல்லிசாக இழைத்தால் ஈரக்காற்றுக்கு வளையும். எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) மலிவு, வெட்டவும் சுலபம். ஆனால் கட்டிலோரம் தண்ணீர்ச் சொம்பு இருக்குமே, கொட்டினால் ஊதிவிடும். என் ஓட்டு பிளைவுட்டுக்கு. படுக்கையறைக்கு ஐ.எஸ். 303 என்ற பொதுப் பயன்பாட்டு இந்தியத் தரம் போதும், கடைக்காரர் தண்ணீரை நன்றாகத் தாங்கும் ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட்டைக் காட்டினாலும் அந்தச் செலவு வேண்டாம்.

3. செய்முறை
18 மி.மீ. பலகையை அடியிலிருந்து ரௌட்டரால் (மரத்தைக் குடையும் மின்கருவி) குடைந்து, மேலே 4 மி.மீ. விடுவது ஒரு வழி. கை கொஞ்சம் அழுந்தினால் பலகை போச்சு. நானே ஒன்றைப் பாழாக்கியிருக்கிறேன். புதியவர்களுக்கு அடுக்கு முறைதான் நல்லது: 12 மி.மீ. பிளைவுட்டில் சார்ஜர் அளவுக்கு ஜிக்சாவால் (வளைவாகவும் அறுக்கும் சின்ன மின்ரம்பம்) முழு ஓட்டை போட்டு, மேலே 4 மி.மீ. பிளைவுட்டை ஃபெவிகாலால் ஒட்டி, ஒரு நாள் பாரம் ஏற்றி வையுங்கள். மைக்கா ஒட்டுவதானால் அதற்கும் 1 மி.மீ. போகும், என் 5 மி.மீ. கணக்கு அங்கேயே தீர்ந்தது.

கம்ப்யூட்டர் மெஷினில் வெட்டித்தரும் சி.என்.சி. கடைக்குப் போவது பத்து மேசை செய்யும்போதுதான் கட்டுப்படியாகும். ஒன்றே ஒன்றுக்கு ஆசாரியே போதும்.

4. பொருத்துவது
சார்ஜரை ஒட்டவே ஒட்டாதீர்கள், ஒருநாள் மாற்ற வேண்டி வரும். அடியில் குறுக்கே ஒரு மரச்சட்டத்தைத் திருகினால் தாங்கும், சூடும் வெளியேறும். அடாப்டர் சுவர் பிளக்கிலேயே இருக்கட்டும். 230 வோல்ட் மேசைக்குள் நுழைய வேண்டாம்.

அப்புறம், இருட்டில் தடவிப் பார்த்து போனை வைக்க ஓர் அடையாளம் வேண்டும். பித்தளைக் குமிழ் ஆணி அடிக்கத் தோன்றும். அதுவும் உலோகம்தான், உளியால் சின்னப் பள்ளம் போடுங்கள்.