பழைய யூரோப்பியன் கார் வாங்கலாமா? காசு குடுக்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

பத்து பன்னெண்டு வருஷம் ஓடின பிஎம்டபிள்யூ, ஆடி, பென்ஸ், வோல்வோ எல்லாம் இப்ப புதுசா ஒரு சின்ன ஹேட்ச்பேக் வாங்குற காசுக்குள்ளயே கிடைக்குது, சிலது அதுல பாதிக்கே கிடைக்குது. விளம்பரத்துல லெதர் சீட்டு, சன்ரூஃப், ஆறு சிலிண்டர் இன்ஜின்னு பாத்த உடனே மனசு அங்க போயிடும். தப்பே இல்ல, எனக்கும் இந்த வண்டிங்க மேல அவ்வளவு பிரியம், ஹைவேல வேகமா போறப்ப ரோட்டைப் புடிச்சுக்கிட்டு அசையாம போற நிதானம் வண்டி பழசானாலும் போறதில்ல. ஆனா வண்டியோட விலைதான் குறைஞ்சிருக்கு, பார்ட்ஸ் விலையும் லேபரும் குறையலங்கறத நல்லா பதிய வெச்சுக்கங்க. புதுசுல அது எந்த ரேஞ்ச் காரோ, ரிப்பேர் பில் இன்னைக்கும் அந்த ரேஞ்ச்லதான் வரும்.

அதனால முதல் கேள்வி "எந்த கார்"ங்கறது இல்ல, கையில இருக்குற மொத்த காசையும் வண்டிக்கே போட்டுடப் போறீங்களா இல்லையாங்கறதுதான். என் கணக்கு, பட்ஜெட்ல குறைஞ்சது நாலுல ஒரு பங்கு தனியா எடுத்து வெச்சுடணும், அது முதல் வருஷத்துக்கானது. அப்படி எடுத்து வெச்சா நீங்க ஆசைப்பட்ட மாடல் எட்டலன்னா, அந்த மாடல் உங்களுக்கு இப்ப எட்டலன்னுதான் அர்த்தம், ஒரு படி கீழ இறங்கி நல்ல கண்டிஷன்ல இருக்குறத எடுங்க. வீட்டுல இருக்கப்போறதே இந்த ஒரு வண்டிதான், தினமும் வேலைக்கு இதுலதான் போகணும்னா இன்னும் ஒரு தடவை யோசிங்க, ஏன்னா ஒரு சின்ன சென்சார் வர்றதுக்காக வண்டி ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்ல நிக்கறது இந்த வண்டிங்கள்ல சாதாரணம்.

அடுத்து, வண்டி தேடுறதுக்கு முன்னாடி மெக்கானிக்க தேடுங்க. இத நிறைய பேரு தலைகீழா பண்றாங்க, வண்டிய வாங்கி வீட்டு வாசல்ல நிறுத்திட்டு அப்புறம்தான் யாரு பாப்பாங்கன்னு கேக்குறாங்க. அந்த பிராண்ட்லயே வேலை செய்யற, கம்பெனி ஸ்கேனரோ (வண்டியோட கம்ப்யூட்டர்ல இருக்குறதப் படிக்கிற கருவி) அதுக்கு ஈடான டூலோ வெச்சிருக்குற தனி ஒர்க்‌ஷாப் உங்களுக்குக் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, 2000க்கு அப்புறம் வந்த இந்த வண்டிங்கள்ல ஸ்பேனர் மட்டும் வெச்சு முடிக்கிற வேலை ரொம்பக் குறைவு. நிறைய பிஎம்டபிள்யூ மாடல்ல பேட்டரி மாத்தினா கூட புது பேட்டரி போட்டாச்சுன்னு ஸ்கேனர்ல ரிஜிஸ்டர் பண்ணணும், இல்லன்னா பழைய பேட்டரின்னு நினைச்சே சார்ஜ் பண்ணிக்கிட்டு இருக்கும். எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் இருக்குற ஃபோக்ஸ்வேகன், ஆடில பின்னாடி பிரேக் பேட் மாத்தணும்னாலும் ஸ்கேனர்ல சர்வீஸ் மோட் போட்டு பிஸ்டனை உள்ள இழுக்க வெக்கணும். அந்த மாதிரி ஆள் பக்கத்துல யாருமே இல்லன்னா, சொல்றதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, இந்த ஆசைய இங்கயே விட்டுடலாம்.

மெக்கானிக் கிடைச்சாச்சுன்னா அவர்கிட்ட "பிஎம்டபிள்யூ எப்படி, பென்ஸ் எப்படி"ன்னு கேக்காதீங்க, அதுக்கு பதிலே கிடையாது. இன்ஜின் கோடு, அதாவது கம்பெனி அந்த இன்ஜினுக்கு வெச்ச அடையாளப் பேரு, சொல்லிக் கேளுங்க. ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே கலர், ஆனா பானெட்டுக்குள்ள வேற இன்ஜின் இருந்தா ஒரு வண்டி ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டி அலுங்காம ஓடும், இன்னொண்ணு உங்க சேமிப்பக் காலி பண்ணிடும். பிஎம்டபிள்யூவோட என்47 டீசல் 2007ல வந்தது, அதுல வால்வுங்கள சரியான நேரத்துல திறக்க வெக்கிற டைமிங் செயின் இன்ஜினோட பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமா இருக்கு, ஆரம்ப வருஷங்கள்ல வந்ததுல செயின் தேஞ்சு அறுந்துபோற பிரச்சனை பேர்போனது, செயின் விலை பெருசில்ல ஆனா அதத் தொடுறதுக்கே இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கணும். பென்ஸோட எம்272 வி6 பெட்ரோல்ல ஆரம்பத்துல வந்ததுக்கு அதிர்வக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்ட்டோட பல் சீக்கிரமே தேயும், அதுக்கும் இன்ஜின் கீழ இறங்கணும். ஃபோக்ஸ்வேகன், ஆடில இஏ888 ரெண்டாம் தலைமுறை டர்போ பெட்ரோல் ஆயில் குடிக்கும், கூடவே செயினை இறுக்கமா வெக்கிற டென்ஷனர் பிரச்சனையும் உண்டு. போர்ஷேவோட சாதாரண 911 (996 தலைமுறை), முதல் பாக்ஸ்டர் இதுலயெல்லாம் இன்ஜினுக்குள்ள ஒரு இடைத்தண்டைத் தாங்குற ஐஎம்எஸ் பேரிங்னு ஒண்ணு இருக்கு, அது உடைஞ்சா இன்ஜினே போச்சு.

பெஜோ, சித்ரோன் சின்ன கார்ல வர்ற 1.2 ப்யூர்டெக் பத்தி கொஞ்சம் விளக்கமாவே சொல்லணும், ஏன்னா அது விலை கம்மியா, பாக்க அழகா, நிறைய விற்பனைக்கு வருது. அதுல செயினுக்கு பதிலா இருக்குற டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயில்லயே நனைஞ்சுக்கிட்டு சுத்தும். ஆயிலை நேரத்துக்கு மாத்தலன்னா, இல்ல பெட்ரோல் கசிஞ்சு ஆயில்ல கலந்துச்சுன்னா, பெல்ட் ஊறி உப்பி பிஞ்சு பிஞ்சு விழும், அந்தத் துகள் போய் ஆயில் பம்ப்போட வடிகட்டிய அடைச்சுடும், ஆயில் பிரஷர் விழுந்துடும். நல்ல விஷயம் என்னன்னா இத வண்டி பாக்கப் போன இடத்துலயே செக் பண்ணலாம். ஆயில் ஊத்துற மூடியத் திறந்தா பெல்ட் கண்ணுக்குத் தெரியும், டார்ச் அடிச்சுப் பாருங்க, ஓரம் பிசிறு பிசிறா இருக்கா, முதுகுல வெடிப்பு இருக்கான்னு. உப்பிப்போன பெல்ட்டோட அகலத்த அளக்கறதுக்குன்னே கேஜ் இருக்கு, மெக்கானிக்கிட்ட இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

மறுபக்கமும் இருக்கு. வோல்வோவோட அஞ்சு சிலிண்டர் பெட்ரோல், பிஎம்டபிள்யூவோட டர்போ இல்லாத எம்54, என்52 ஆறு சிலிண்டர், ஃபோக்ஸ்வேகனோட 1.9 டிடிஐ, இதெல்லாம் ஒழுங்கா பாத்துக்கிட்டா ரொம்ப காலம் உழைக்கும்னு பேர் வாங்கினது. ஆறு சிலிண்டர் பிஎம்டபிள்யூல கூலிங் சிஸ்டத்தோட பிளாஸ்டிக் பாகங்க, என்52ன்னா எலக்ட்ரிக் வாட்டர் பம்ப், ஆயில் கசியற கேஸ்கெட், இதுங்கள தேயற சாமான்னு நினைச்சு முன்கூட்டியே மாத்திடணும், ஹீட் ஆகட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா இன்ஜினோட மேல்பகுதியான ஹெட் போயிடும்.

கியர்பாக்ஸையும் இதே மாதிரி பேரு போட்டு விசாரிங்க. ஃபோக்ஸ்வேகன் குரூப்போட ஆறு ஸ்பீடு வெட் கிளட்ச் டிஎஸ்ஜிக்கு (கிளட்ச் ஆயில்ல நனையற ரெட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்தியே ஆகணும், பில்லு இருக்கான்னு கேளுங்க. ஏழு ஸ்பீடு டிரை கிளட்ச் டிஎஸ்ஜில மெக்கட்ரானிக்ஸும் (கியர் மாத்துற கன்ட்ரோல் யூனிட்) கிளட்ச்சும் தொல்லை குடுக்கும், டெஸ்ட் டிரைவ்ல டிராஃபிக்ல ஊர்ற மாதிரி மெதுவா ஓட்டிப் பாருங்க, மேட்டுல நிறுத்தி எடுங்க, ரிவர்ஸ்ல ஏத்துங்க, அங்கதான் நடுக்கம் தெரியும். நேரான ரோட்டுல 80ல போனா எல்லா கியர்பாக்ஸும் நல்ல கியர்பாக்ஸ்தான். இன்னொண்ணு, "ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேண்டாம், கம்பெனியே சொல்லிருக்கு"ன்னு விக்கிறவர் சொல்வாரு. நிறைய மாடலுக்கு கியர்பாக்ஸ் செஞ்சு குடுத்த இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள்ள மாத்தணும்னுதான் சொல்லுது.

பேப்பர் விஷயத்துல என் கருத்து ரொம்ப கறார். கிலோமீட்டர் கம்மிங்கறத விட பில்லு கத்தையா இருக்கறதுதான் பெருசு. ரெண்டு லட்சம் ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில்லு, அதுல என்ன கிரேடு ஆயில் போட்டாங்கன்னு வரைக்கும் இருந்தா அதத்தான் நான் எடுப்பேன், 60,000 மட்டும் ஓடி ஒரு பில்லும் இல்லாததை இல்ல. கம்மியா ஓடின வண்டி நின்னே ரப்பர் எல்லாம் காஞ்சிருக்கும், டைமிங் பெல்ட்டுக்கு கிலோமீட்டர் மட்டுமில்ல வருஷக் கணக்கும் உண்டு. பில்லுல தேதி இடைவெளியப் பாருங்க, லாங் லைஃப்னு சொல்லி 30,000 கிலோமீட்டருக்கு ஒருதடவை மட்டும் ஆயில் மாத்தின டர்போ இன்ஜின்னா நான் தயங்குவேன், அதுல பாதி தூரத்துலயே மாத்தின ஓனர் கிடைச்சா விடாதீங்க.

வண்டி பாக்கப் போறப்ப ஸ்டார்ட் பண்ணி வெக்க வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. போன உடனே பானெட் மேல கை வெச்சுப் பாருங்க, சூடா இருந்தா ஏன்னு கேளுங்க, பதில் சரியா வரலன்னா இன்னொரு நாள் காலையில வர்றேன்னு சொல்லிடுங்க, ஏன்னா செயின் சத்தம், நீலப் புகை எல்லாம் ராத்திரி பூரா நின்ன இன்ஜின்லதான் மாட்டும். ஸ்டார்ட் ஆன முதல் ரெண்டு மூணு செகண்டு யாரும் பேசாம கேளுங்க, கடகடன்னு சத்தம் வந்து அடங்குச்சுன்னா செயினோ டென்ஷனரோ சந்தேகப்படலாம். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே கூலன்ட் டேங்க்க பாத்துடுங்க, சூடான பிறகு அந்த மூடியத் திறக்கக் கூடாது. பிளாஸ்டிக் பழுப்பாகி தையல் ஓரத்துல வெள்ளையா காஞ்ச தடம் இருந்தா கசியுது, உள்ள பால் கலந்த காபி மாதிரி குழகுழன்னு இருந்தா ஆயிலும் கூலன்ட்டும் கலக்குது, கும்பிடு போட்டுட்டு கிளம்பிடலாம்.

அப்புறம் யாருமே பாக்காத ஒண்ணு, கால் வெக்கிற இடத்துல இருக்குற கார்பெட். சன்ரூஃப் ஓரத்துல மழைத்தண்ணி இறங்க சின்ன டியூப் இருக்கும், வைப்பருக்குக் கீழயும் தண்ணி போற ஓட்டை இருக்கும், ரெண்டும் காஞ்ச இலை, தூசி சேர்ந்து அடைச்சுக்கும், தண்ணி வேற வழியில்லாம கேபினுக்குள்ள வரும். மேட்டை எடுத்துட்டு கார்பெட்ட நல்லா அழுத்துங்க, அதுக்கடியில மொத்தமா ஃபோம் இருக்கும், மேல காஞ்ச மாதிரி இருந்தாலும் அடியில ஊறிக்கிடக்கும், முடிஞ்சா ஓரத்துல விரலை விட்டு அடியில தொட்டுப் பாருங்க, மூடின வண்டிக்குள்ள புழுங்கின வாசனை வருதான்னும் பாருங்க. இது வெறும் ஈரம் இல்ல, பழைய ஃபோக்ஸ்வேகன் பாஸாட் பி5ல ஜன்னல், லாக் எல்லாத்தையும் கன்ட்ரோல் பண்ற மாட்யூல் அந்த கார்பெட்டுக்கு அடியிலதான் இருக்கு, அது நனைஞ்சா வண்டி தானா ஜன்னலத் திறக்கும், தானா ஹாரன் அடிக்கும், எங்க கோளாறுன்னு கண்டுபுடிக்கவே நாளாகும்.

ஏர் சஸ்பென்ஷன் இருந்தா, ராத்திரி நின்ன பிறகு ஒரு மூலை மட்டும் தணிஞ்சு நிக்குதான்னு தள்ளி நின்னு பாருங்க. எல்லா ஸ்விட்சையும் அமுக்குங்க, வெக்கமே வேணாம், நாலு ஜன்னல், சீட்டு எல்லா திசையும், ஏசி ரெண்டு பக்கமும். டயர்ல நாலு இலக்க நம்பர் இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது. நாலு சக்கரமும் இழுக்குற வண்டின்னா நாலு டயரும் ஒரே மாதிரி ஒரே அளவு தேஞ்சிருக்கணும், பிஎம்டபிள்யூ எக்ஸ்டிரைவ்ல டயர் கலந்து போட்டா முன் பின் சக்கரங்களுக்கு பவரப் பிரிச்சுக் குடுக்குற டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கும்.

ஸ்கேன் பண்றப்ப "எரர் ஒண்ணும் இல்ல"ன்னதும் சந்தோஷப்பட்டுடாதீங்க. விக்கிறதுக்கு முன்னாடி எரர அழிக்கிறது ரெண்டு நிமிஷ வேலை. ஸ்கேனர்ல ரெடினஸ்னு ஒரு பக்கம் இருக்கும், வண்டி தன்னைத்தானே பண்ணிக்கிற டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சுதான்னு காட்டும், அதுல நிறைய டெஸ்ட் முடியாமலே இருந்தா சமீபத்துல அழிச்சிருக்காங்க இல்ல பேட்டரிய கழட்டியிருக்காங்க. பல மாடல்ல ஓடின கிலோமீட்டர் மீட்டர்ல மட்டுமில்லாம வேற மாட்யூல்லயும் பதிஞ்சிருக்கும், அதையும் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, நம்பர் ஒத்துப்போகலன்னா பேச்சே வேணாம். டீசல் வாங்குறவங்க ஒரு விஷயம் யோசிங்க, டிபிஎஃப் (புகைல வர்ற கரியப் புடிச்சு வெக்கிற ஃபில்டர்) இருக்குற வண்டிய தினம் அஞ்சு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினா ஃபில்டர் சூடாகி கரிய எரிக்கவே நேரம் கிடைக்காது, அடைச்சுக்கும், அந்த ஓட்டத்துக்கு பெட்ரோல்தான் சரி.

பார்ட்ஸ் விஷயத்துல மிச்சம் பண்ண நேர்மையான வழி இருக்கு. கார் கம்பெனி எல்லாத்தையும் தானே செய்யறதில்ல, போஷ், மாஹ்லே, லெம்ஃபோர்டர், சாக்ஸ், லுக் இவங்க செஞ்சு குடுக்குறாங்க, அதே சாமானை அவங்க பேர்ல அவங்க டப்பாவுல வாங்கினா விலை நல்லாவே குறையும். லெம்ஃபோர்டர் சஸ்பென்ஷன் ஆர்ம் சிலத பிரிச்சுப் பாத்தீங்கன்னா கார் கம்பெனி லோகோ இருந்த இடத்த மட்டும் தேய்ச்சு எடுத்திருப்பாங்க, மத்தபடி அதே அச்சு. ஆனா சாப் மாதிரி 2011லயே திவாலான கம்பெனி வண்டின்னா இன்ஜின் சாமான் எப்படியோ தேடிடலாம், ஹெட்லைட், டேஷ்போர்டு பிளாஸ்டிக்னு வந்தா திண்டாட்டம், அதனால வெளிய உள்ள எல்லாம் முழுசா இருக்குற வண்டிய மட்டும் பாருங்க.

இவ்வளவும் தாண்டி வண்டி பிடிச்சிருக்குன்னா, மெக்கானிக்க கூட்டிட்டுப் போய் லிஃப்ட்ல ஏத்திப் பாத்துட்டு, பண்ண வேண்டிய வேலைக்கு எழுத்துல எஸ்டிமேட் வாங்குங்க, பேரம் அந்தக் காகிதத்த வெச்சுத்தான் பேசணும், வாய்ல இல்ல. விக்கிறவர் லிஃப்ட்ல ஏத்தவே சம்மதிக்கலன்னா வேற வண்டி பாருங்க. வாங்கின முதல் வாரத்துலயே ஒதுக்கி வெச்ச காசுலருந்து இன்ஜின் ஆயில், அந்த இன்ஜினுக்குன்னு கம்பெனி சொன்ன ஸ்பெக்லயே, எல்லா ஃபில்டரும், கூலன்ட், பிரேக் ஆயில் மாத்திடுங்க, பெல்ட்டு எப்ப மாத்தினதுன்னு பில்லு இல்லன்னா மாத்தலன்னே வெச்சுக்கிட்டு பெல்ட்டு, டென்ஷனர், வாட்டர் பம்ப் மூணையும் ஒரே தடவையில முடிச்சுடுங்க, கியர்பாக்ஸ் ஆயிலுக்கும் இதே கணக்குதான்.